செண்பகா டாக்கீஸ் தாலிக்குண்டு

தலையை ஒரு தடவை சொறிஞ்சு வெச்சுக்கோங்க. கதை முடியுறப்போ மறுபடி சொறியணும். எனக்கு இன்னும் அரிப்பு நிக்கல.

எங்க தெருவுல செண்பகா டாக்கீஸ்னு ஒண்ணு இருந்துச்சு. பின்னால உசரத்துல சேரு. அங்கருந்து சிமெண்டுத் தரை சரிஞ்சு திரை வரைக்கும் இறங்கும். முன்னால தரை டிக்கெட்டுக்காரங்களுக்கு அந்த சிமெண்டு மேலயே முழ உசரம் மணல். மேல ஒரு சோடா பாட்டில் விழுந்தா உருண்டு வந்து மணல்லதான் படுக்கும். காலையில அந்த மணலைச் சலிக்கிறது கூட்டுற மாடத்தி ஒருத்திதான். கிடைச்சதையெல்லாம் ஆபீஸ்ல குடுத்துருவேன்னு சொல்லுவா. நாமளும் நம்பிக்கிடுவோம்.

அவ மருமக வடிவு. ஒருநாள் சேர்ல உக்காந்து படம் பாக்கையில தாலிக்கயிறு அந்து, தங்கக் குண்டு ஒண்ணு உருண்டு போச்சு. மறுநாள் மாடத்தி மணலைச் சலிச்சுட்டு வந்தா. "மணல்ல ஒண்ணுமில்ல. உங்கண்ணன் வீட்டுலல்லட்டி உருண்டு கிடக்கும்?"

அதுலருந்து இருபத்தெட்டு வருஷம். குழம்புல உப்பு கூடினாலும் அந்தக் குண்டுதான் பேச்சு. தங்கச்சி குண்டை வாங்கிக்கிட்டான்னு பழி வரவும், வடிவோட அண்ணன் அவ வாசப்படி மிதிக்கல. குண்டு தொலைஞ்ச வருஷத் தீபாவளிக்கு மாடத்தி ஒரு மூக்குத்தி போட்டா. முதலாளி இனாமாம். போடட்டும், அவ மூக்கு.

டாக்கீஸை மூடினாங்க. மணலை லாரியில அள்ளி, தரையைக் கழுவி, மிளகாவத்தல் கிடங்கு ஆக்குனாங்க. காம்பு கிள்ள வந்த சீனியம்மாவும் ஒரு குண்டைத் தொலைச்சா. தும்முன தும்முல கயிறே அந்துட்டுன்னு ஊரு சிரிச்சுச்சு. பெறகு கல்யாண மண்டபம். ஒரு இலையில ஊத்துன ரசம் அடுத்த இலைக்கு ஓடவும், மண்ணைக் கொட்டி மட்டமாக்கி டைல்ஸ் பதிச்சாங்க. அங்க தாலி பிரிச்சுக் கோக்கையில தங்கப்பழம் மகளும் ஒரு குண்டைத் தொலைச்சா.

இப்போ சூப்பர் மார்க்கெட் வருதுன்னு டைல்ஸைப் பேத்து, மண்ணை அள்ளுனாங்க. பழைய சிமெண்டு தெரியவும், திரைச் சுவரு ஓரத்துல ஒரே ஒரு குண்டு மினுக்குது. மூணு குடும்பமும் ஆஜர்.

"எம்மக குண்டு"ன்னாரு தங்கப்பழம்.

"டைல்ஸுக்கு அடியில, மண்ணுக்கும் அடியில போக அது என்ன மண்புழுவா அண்ணாச்சி?"ன்னாரு கொத்தனாரு. தங்கப்பழம் நடையைக் கட்டிட்டாரு.

வடிவு குனிஞ்சு குண்டை எடுத்துச் சேலையில தொடச்சா. சீனியம்மா குண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் வடிவு மூஞ்சியைப் பாத்தா. "என்னுது இதைவிடப் பெருசு மதினி. இது உன்னுதுதான்."

ஒருநாளும் மருமகளுக்குத் தலையாட்டாத மாடத்தி, முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு முந்திக்கிட்டா. "ஆமா ஆமா, இவளுதுதான். வாங்கிட்டு வாட்டி, போவோம்."

"அப்போ எங்கண்ணன் வீட்டுக்கு வரலாமா அத்தை?"

"வரட்டும், வரட்டும்."

எனக்கு இங்கதான் குழம்பிப் போச்சு. நீங்க சொல்லுங்க. அந்தக் குண்டு யாரோடது? பொய் சொன்னது யாரு யாரு? அதுல எந்தப் பொய் சரி?

விடை: குண்டு சீனியம்மாவோடது. வடிவு குண்டு உருண்டு மணல்லதான் விழுந்திருக்கும். சல்லடைக்குத் தப்பியிருந்தா லாரியோட போயிருக்கும். வெறும் சிமெண்டுல சுவரு வரைக்கும் உருண்டு வர்றது கிடங்கு காலத்துக் குண்டுதான். அது தெரிஞ்சேதான் சீனியம்மா பொய் சொன்னா. ஒருத்தி பொறந்த வீட்டுக்கு வழி திறந்துச்சே, அந்தப் பொய் சரிதான்னு வெச்சுக்கலாம். மாடத்தி சொன்னதும் பொய்தான். அப்போ வடிவு குண்டு எங்க போச்சு? என்னைக் கேக்காதீங்க. மூக்குத்தியைக் கேளுங்க.