கடல்தாண்டிய நாட்டைப் பற்றிப் பேசியவள்

"ஜனங்களுக்குப் புரிஞ்சிருக்கா இல்லையான்னு எனக்கே புரியலைங்க ஐயா" என்றாள் பவளக்கொடி.

அறவாழி அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் அவள் குருவாக ஏற்றிருந்தாள். கடலுக்கு அப்பால் மழையில்லாமல் தவிக்கும் ஒரு நாட்டைப் பற்றி ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்தவரும் அவர்தான்.

"என்ன குழப்பம்?"

"சேந்தனூர்ல எதைக் கேட்டாலும் டக்குன்னு பதில் சொல்றாங்க. நாட்டோட பேரு, பஞ்சம் ஏன் வந்துச்சு, எல்லாம் தெரியுது. கூட்டம் முடிஞ்சதும் வேட்டியை உதறிட்டுப் போயிடறாங்க. படுகையூர்ல நாட்டுப் பேரே யாருக்கும் ஞாபகமில்லை. ஆனா ஒரு அம்மா அழுதுச்சு. நான் சொன்னது எந்த ஊர்ல போய்ச் சேர்ந்திருக்கு?"

"அந்த அம்மா எதுக்கு அழுதுச்சு?"

"நான் கேக்கலையே."

அறவாழி தன் நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினார்.

"இதைத் தொடரவா, விட்டுடவா? அதையாவது சொல்லுங்க."

"சேந்தனூர்ல இன்னொரு கூட்டம் போடுங்க. நானும் வரேன்."

அந்தக் கூட்டத்துக்கு அவர் தனியாக வரவில்லை. தலையில் பூப்போட்ட துணி கட்டிய, உயரமான ஒரு பெண்ணும் கூட வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"இவங்க பேரு ஹவா. நீங்க பேசற நாட்டுலதான் பிறந்தாங்க. இங்க நர்சிங் படிக்கிறாங்க, தமிழ் தெரியும்" என்றார் அறவாழி. "நீங்க எப்பவும்போலப் பேசுங்க."

பவளக்கொடி எழுந்து மேடையேறினாள். சுருட்டி வைத்திருந்த படத்தை விரித்தாள். எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை.

ஹவாவைப் பார்த்தாள்.

படத்தைத் திரும்பச் சுருட்டினாள்.

"அங்க..." என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. எத்தனையோ ஊர்களில் தடங்கலில்லாமல் பேசிய பேச்சு.

"நீங்க யாராவது சொல்லுங்களேன்" என்று கூட்டத்தைக் கேட்டாள்.

எப்போதும் முதலில் கை தூக்கும் டீக்கடை மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மைக் மட்டும் உய்யென்று இரைந்தது.

பவளக்கொடி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன ஊர் இதுதானா?

பின்னாலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்ல என்ன விதைப்பீங்க?"

"கம்பு" என்றாள் ஹவா.

"கம்பா?"

"கம்புதான். எங்க அப்பா விதைப்பார்."

"அதுல என்ன செஞ்சு சாப்பிடுவீங்க?" என்றாள் ஒரு பெண்.

"கூழ். கெட்டியா."

"உப்புப் போட்டா?"

"பால் விட்டு. பால் இருந்தா."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆட்கள் ஹவாவைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். மாசிலாமணியும் எழுந்து வந்தார். மழை தவறினால் விதைக்கு என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்டார். ஹவா தாழ்ந்த குரலில், சொல் தேடித் தேடிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

மேடையில் யாருக்கும் வேலை இல்லை. பவளக்கொடி இறங்கி வந்து அறவாழியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, இப்ப நான் என்ன செய்யணும்?"

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்றார் அறவாழி. "அவங்க சொல்றது காதுல விழல."