அண்ணாச்சி சொன்ன ஸாரி

அண்ணாச்சியின் பாத்திரக்கடையில் ஒரே ஒரு சட்டம்தான்: வேலை நேரத்தில் எந்தப் பெண்ணும் உட்காரக் கூடாது. பிரேமகனி கால் வலி பொறுக்காமல், கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, எல்லாரும் பார்க்க ஸாரி சொல்லு. இல்லன்னா வீட்டைப் பார்த்துப் போ" என்றார் அண்ணாச்சி. கல்யாணச் சீர் வாங்க வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஸாரி, அண்ணாச்சி."

"பஸ்ஸுல காலை மிதிச்சவ மாதிரில்லா சொல்லுத!"

அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"இது சரக்கு இல்லன்னு சொல்லுத ஸாரி."

அவளுக்கு இன்னொரு ஸாரியும் தெரியும். போன மாதம் நின்று நின்று மயங்கி, கடை மாடிப்படியில் உருண்டு விழுந்த, கூட வேலை பார்த்த சொர்ணத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் வெளியே வந்து சொன்னது. அண்ணாச்சி அந்தச் சாவு வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வரல, அண்ணாச்சி. நீங்களே ஒருக்க சொல்லிக் காட்டுங்க."

கல்லா நாற்காலியிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். கையைக் கட்டி, தலை குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "ஸாரி. தப்பு என் மேலதான்."

கடை முழுக்கக் கேட்டது.

"இது போதும், அண்ணாச்சி" என்றாள் பிரேமகனி. "இதை அப்படியே சொர்ணம் வீட்டுல போய்ச் சொல்லிருங்க. அவ பிள்ளைங்க அதுக்குத்தான் இன்னும் காத்துக்கிட்டு இருக்கு."

கல்யாணப் பெண்ணின் அம்மா கையிலிருந்த குத்துவிளக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியையே பார்த்தாள். அத்தனை கண்ணுக்கு முன்னால் பிரேமகனியைப் போகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அவள் வேலை தப்பியது. உட்கார ஒரு ஸ்டூல் மட்டும் இன்னும் வரவில்லை.