பெண் பார்க்கப் போகுமுன் செல்லாண்டி படித்த மூன்று புத்தகங்கள்

சொக்கட்டாம்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவர்கள் சொன்ன சொல்லைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். அந்த ஊர்க் கோயில் வாசலில் ‘செருப்பை இங்கே விடவும்’ என்று எழுதி வைத்தார்கள். அன்றிலிருந்து வெறுங்காலோடு வந்தவர்கள்கூட வீட்டுக்குத் திரும்பிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அங்கே விட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடுகிறார்கள். சொந்தச் செருப்பு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருகிறார்கள். இதில் என்ன முட்டாள்தனத்தைக் கண்டீர்கள்?

நான் ஓடைக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரன். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அந்த ஊரில் செல்லாண்டி என்று ஒருவன். வயது முப்பத்தாறு. நாலு எருமை, ஒரு தென்னந்தோப்பு, தங்கமான குணம். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பதினோரு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. பதினோராவது வீட்டில் பெண்ணின் அப்பா, “இதை உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க” என்று சொன்னார். செல்லாண்டி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டான். மரியாதை தெரிந்த பையன் என்று நான் சொல்கிறேன். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது பெண்தான் விஷயம். பெயர் வசுமதி, மாட்டாஸ்பத்திரியில் வேலை. செல்லாண்டியின் எருமை ஒன்று வயிறு ஊதி விழுந்து கிடந்தபோது வந்து ஊசி போட்டாள். எருமை எழுந்துவிட்டது. செல்லாண்டி விழுந்துவிட்டான். இவளைக் கட்டினால் கட்டுவேன், இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் கல்யாணமே வேண்டாம் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். பயல் நிஜமாகவே இளைத்துப் போனான், பார்க்கப் பாவமாக இருந்தது.

தரகர் ராக்கியப்பன் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

“பொண்ணுக்குப் புஸ்தகம்னா உசுரு. மாப்பிள்ளை மூணு புஸ்தகம் படிச்சிருக்கோணுமாம். ஒரு தன்வரலாறு, ஒரு திகில் கதை, ஒரு சரித்திர நாவல். எது நல்லா இருந்துச்சு, ஏன்னு வெள்ளிக்கிழமை காலையில வந்து சொல்லோணுமாம். சரியாச் சொன்னா மேக்கொண்டு பேசலாம். இல்லீன்னா இத்தோட சரி.”

அன்று திங்கட்கிழமை. செல்லாண்டி அதுவரை படித்தது உரமூட்டை ஒன்றுதான். அதை மட்டும் ‘கொக்கி போட்டுத் தூக்காதீர்’ வரைக்கும் முழுசாகப் படித்திருந்தான்.

கூட்டாளிகள் மூன்று பேரும் கூடினார்கள். மாரப்பன் எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன், அதனால் ஊரிலேயே அதிகம் படித்தவன். பொங்கியண்ணன் ஆள் குண்டு, வியர்வை நிற்காது, நாலு பேரில் கல்யாணமானவன் அவன் ஒருவன்தான். குப்பணன் யோசிக்கிறவன். யோசித்து முடிக்கிறவரைக்கும் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

நாலு பேரும் டவுனுக்குப் போய்ப் புத்தகக் கடைக்குள் நுழைந்தார்கள்.

“செல்லாண்டியோட தன்வரலாறு ஒண்ணு குடுங்க” என்றான் மாரப்பன்.

“யாருங்க செல்லாண்டி?”

“இதா நிக்கறான்.”

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். “இவர் எழுதியிருக்காருங்களா?”

“எழுதலீங்க. படிக்கத்தான் வந்திருக்கான்.”

“அடுத்தவங்க தன்வரலாறு நெறைய இருக்குதுங்க. அதுல ஒண்ணு தரட்டுமா?”

குப்பணன் கையைத் தூக்கினான். “தன்வரலாறுங்கறீங்க. அடுத்தவங்களதுங்கறீங்க. ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க.”

கடைக்காரர் நல்ல மனுஷன். பேசிப் பயனில்லை என்று தெரிந்து மூன்று வகையிலும் பத்துப் பத்துப் புத்தகத்தை எடுத்துப் பரப்பினார். “பின்னட்டையைப் படிச்சுப் பாருங்க. உள்ள என்ன இருக்குதுன்னு அதுல போட்டிருக்கும். புடிச்சதை எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மாரப்பன் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தான். ‘கண்களைக் குளமாக்கும்’ என்று ஒன்று. கண்ணில் மீன் விட்டுவிடுவார்கள் என்று அதை ஒதுக்கினார்கள். ‘வயிறு குலுங்க வைக்கும்’ என்று இன்னொன்று. பஸ்ஸில் வந்ததே குலுங்கிவிட்டது என்று அதையும் ஒதுக்கினார்கள். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் எழுதிய தன்வரலாற்றில் ‘ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம்’ என்று போட்டிருந்தது. நாள் குறைவாக இருப்பதால் அதுதான் தோது என்று எடுத்துக்கொண்டார்கள்.

திகில் கதையில் ‘முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும்’ என்று இருந்தது. சித்திரை மாத வெயில். பொங்கியண்ணன் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. “மச்சா, இதை விட்டுப்போடாதே” என்று புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

சரித்திர நாவலில்தான் சிக்கல். ‘வாசகரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அழைத்துச் செல்லும்’ என்று எழுதியிருந்தது. செல்லாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பீருவனா?” என்றான்.

குப்பணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கூட்டிட்டுப் போறதைப் பத்தித்தான் போட்டிருக்குது. திரும்பக் கொண்டாந்து விடறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லியே.”

டீ குடித்துவிட்டு வந்த கடைக்காரரிடம் கேட்டார்கள். “அதெல்லாம் படிச்சு முடிச்சா நீங்களே வந்துருவீங்க” என்றார் அவர்.

“வழி தெரியோணுமில்லீங்க” என்றான் செல்லாண்டி. ஆனாலும் வசுமதிக்காக அதையும் வாங்கிக்கொண்டான். ஆசை என்றால் அப்படி.

செவ்வாய்க்கிழமை தோப்பில் பம்புசெட்டு பக்கத்தில் உட்கார்ந்து தன்வரலாற்றைப் பிரித்தார்கள். செல்லாண்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். ஒன்றாம் பக்கம் முடியும்போது கண் பிதுங்கியது. இரண்டாம் பக்கத்தில் தொப்பென்று சாய்ந்துவிட்டான். மூஞ்சியில் தண்ணீர் அடித்து எழுப்பினார்கள்.

“இருநூறு பக்கமும் ஒரே மூச்சுலன்னா இவன் பொழைக்க மாட்டான்” என்றான் மாரப்பன்.

குப்பணன் யோசித்தான். “நாலு பேரும் மாத்தி மாத்திப் படிக்கலாம். ஒருத்தன் மூச்சு விடறதுக்குள்ள அடுத்தவன் ஆரம்பிச்சரோணும். நடுவுல விட்டுப் போகாட்டி ஒரே மூச்சுதானே?”

அப்படியே செய்தார்கள். மாரப்பன் முதலில் படித்தான்: “நான் என் தகப்பனாருக்கு ஐந்தாவது மகனாகப் பிறந்தேன்.”

“ஏன்டா, நீ மூணாவதுதானே?” என்றான் பொங்கியண்ணன்.

“புஸ்தகத்துல அஞ்சாவதுன்னு இருக்குது.”

“அப்ப நடுவுல ரெண்டு பேர் எங்கடா?”

மாரப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இத்தனை வருஷம் அம்மா இதைத் தன்னிடம் மறைத்துவிட்டாளே என்று வருத்தப்பட்டான். அதற்குள் மூச்சு முடியப் போகிறதே என்று பொங்கியண்ணன் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தான்: “எனக்கு இருபது வயதில் கல்யாணம் நடந்தது. மனைவி மகா அழகி.”

“இப்பத்தான் தெரியுது” என்றான் மாரப்பன்.

அடுத்தது குப்பணன். ரயிலில் போனான், வந்தான், பச்சைக் கொடி காட்டினான். அவன் பக்கத்தில் ஒன்றும் மோசமில்லை. பிறகு செல்லாண்டி வாங்கி ஒரு வரி படித்தான்: “அந்த மழைக்காலத்தில் என் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள்.”

புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். “கல்யாணம் ஆனது பொங்கியண்ணனுக்கு. பொண்டாட்டி செத்தது எனக்கா? இதென்ன நாயம்?”

மூன்று பேரும் அவனைத் தேற்றினார்கள். அப்போது குப்பணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “பொங்கியண்ணா, கட்டுனது நீதானே? அப்படின்னா செத்தது உம்பட பொண்டாட்டிதான்.”

பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவன் பெண்டாட்டி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். “நீ செத்துப்போயிட்டேன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது புள்ளே” என்றான். அவள் முறத்தை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். அவன் தோப்புக்குத் திரும்பி வந்தபோது இரண்டு தோளும் சிவந்திருந்தன. ஆனாலும் நிம்மதியாக இருந்தான். அவள் தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொன்னான்.

புதன்கிழமை திகில் கதை. பொங்கியண்ணன் சட்டையைக் கழற்றினான். புத்தகத்தை முதுகுத்தண்டில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள்.

“சில்லுன்னு இருக்குதா?”

“இல்ல. கசகசங்குது.”

“அட்டை மேல பட்டா எப்படி? கதை உள்ள இருக்குது” என்றான் குப்பணன். பிரித்து நாற்பதாம் பக்கத்தை வைத்துக் கட்டினார்கள். அப்போதும் இல்லை. கடைசியாகப் புத்தகத்தை வாய்க்கால் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்தார்கள். பொங்கியண்ணன் ‘ஸ்’ என்று உடம்பைச் சிலிர்த்தான். பிறகு ஆளுக்குக் கொஞ்ச நேரம் முதுகில் கட்டிக்கொண்டார்கள். நல்ல புத்தகம், போட்டபடியே செய்கிறது என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அது பூரி மாதிரி உப்பிவிட்டது.

வியாழக்கிழமை செல்லாண்டி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கைக்கடிகாரம் கிடையாது, பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்று குப்பணன் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டான். புளிச்சோறு ஒரு பொட்டலம் கட்டினார்கள். மாட்டுக் கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் முடிந்து, மறுமுனையை மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

“ராசா யாராச்சும் சண்டைக்குக் கூப்பிட்டா, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிப்போடு” என்றான் மாரப்பன்.

“ஒருவேளை வரலீன்னா, வசுமதிகிட்டச் சொல்லுங்க” என்றான் செல்லாண்டி. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.

“போயிட்டியா?”

“இல்ல. இங்கதான் இருக்கறேன்.”

ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் கேட்டார்கள். நாற்பதாம் பக்கத்துக்கு மேல் செல்லாண்டி பதில் சொல்லவில்லை. கதையில் ஒரு இளவரசி கோட்டைக்குள் மாட்டிக்கொண்டாள், குதிரைகள் பாய்ந்து வந்தன. இவன் வாயைப் பிளந்துகொண்டு முன்னால் சாய்ந்தான்.

“போறான், போறான், இழுங்கடா” என்று குப்பணன் கத்தினான். மூன்று பேரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் செல்லாண்டி பின்பக்கமாக வாய்க்காலில் போய் விழுந்தான். நல்லவேளை, திரும்பி வந்துவிட்டான் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மறுபடி படித்தான். மறுபடி குதிரை வந்தது. மறுபடி இழுத்தார்கள். பொழுது சாயும்வரை ஏழு தடவை. அந்தப் பக்கத்தை அவன் தாண்டவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் நாலு பேரும் தரகரோடு வசுமதி வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். செல்லாண்டிக்கு இடுப்பெல்லாம் கயிற்றுத் தழும்பு, உட்காரவே முடியவில்லை. வசுமதி காபித் தட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். டம்ளரைக் கொடுக்காமலே நின்றபடி கேட்டாள்.

“தன்வரலாறு படிச்சீங்களா?”

“படிச்சேனுங்க. பாதியில எம்பட பொண்டாட்டி செத்துப்போச்சுங்க. அதுக்கு மேல முடியலீங்க.”

வசுமதியின் அப்பா நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்னது?” என்றார்.

“எம்பட பொண்டாட்டி இல்லீங்க, பொங்கியண்ணன் பொண்டாட்டிங்க” என்றான் செல்லாண்டி.

“அவளும் சாகலீங்க” என்று தோளைக் காட்டினான் பொங்கியண்ணன்.

வசுமதியின் உதடு துடித்தது. “திகில் கதை?”

“தண்ணியில நனைச்சாத்தான் வேலை செய்யுதுங்க.”

“சரித்திர நாவல்?”

“அதுதானுங்க ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த இளவரசி தப்பிச்சாளான்னு தெரியாம எனக்கு மனசே செரியில்லீங்க. இவனுக போக விட மாட்டேங்கறானுக.”

வசுமதி சிரித்தாள். சிரித்த சிரிப்பில் நாலு டம்ளரும் தட்டத்தில் கலகலவென்று ஆடின. “அப்பா, இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் படிக்காமயே படிச்சேன்னு சொன்னாங்க. இவரு படிச்சும் படிக்காத மாதிரி இருக்காரு. எனக்கு இவரே போதும்” என்றாள்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் ஒருத்தனைச் சரி என்று சொல்வதை இன்றைக்குத்தான் கேட்கிறார். செல்லாண்டி பக்கம் திரும்பி, எல்லா வீட்டிலும் கேட்கிற அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

“மாப்ளே, நீங்க சொல்லுங்க. பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?”

செல்லாண்டி வசுமதியைக் கவனமாகப் பார்த்தான். பொய் சொல்லக் கூடாதல்லவா.

“இல்லீங்க” என்றான். “தட்டத்தைத்தான் புடிச்சிருக்குது.”

“ரெண்டு கையிலயுமுங்க” என்றான் மாரப்பன்.

நாச்சிமுத்து தலையில் கை வைத்தார். தரகர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் செல்லாண்டி முழித்தான். இதுவும் போச்சு என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

வசுமதி தட்டத்தைக் குப்பணன் மடியில் வைத்தாள். கன்றுக்குட்டியை மடக்குகிற மாதிரி செல்லாண்டியின் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். “இப்பச் சொல்லுங்க. புடிச்சிருக்குதா?”

“புடிச்சிருக்குதுங்க” என்றான் செல்லாண்டி. சத்தமாகவே சொன்னான்.

வீடு கலகலப்பாகிவிட்டது. பந்தியில் இலை போட்டார்கள். வசுமதி கையை விட்டாள். உடனே செல்லாண்டி பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “விட்டுட்டாப் புடிக்கலைன்னு ஆயிருமுங்களே” என்றான். குப்பணன் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று சொல்லிவிட்டான். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாரப்பன் சோற்றை உருட்டி ஊட்டிவிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும், கூப்பிட்டனுப்பிய ஜோசியர் வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது என்றார்.

செல்லாண்டி கொஞ்ச நேரம் யோசித்தான்.

“அப்ப நான் எடது கைக்கு மாத்திப் புடிச்சுக்கறனுங்க” என்றான்.