ஒத்தக் கையால திறக்கிற கத்தி

கால நீட்டிப் படு. போர்வைய இழுத்து விட்டுக்கோ. அத்தை சொல்றேன், நீ "ம்" மட்டும் கொட்டணும், சரியா?

ஒரு தீவுல ஒரு பொம்பள இருந்தா.

ம்.

ஒரே ஒரு பொம்பள. வேற ஆளே கிடையாது. அவ பேரு சீனியம்மா. முன்னாடி அந்தத் தீவுல நெறைய குடிசை இருந்துச்சு. கடலுக்குள்ள முங்கி, பாறையில முளைச்சிருக்கிற பாசியப் பறிச்சு, மணல்ல காய வச்சு விக்கிற சனங்க. அப்புறம் ஒவ்வொரு வீடாக் கெளம்பிக் கரைக்குப் போயிட்டாங்க. கரையில ஐஸ் கம்பெனி வேலை இருந்துச்சு, பள்ளிக்கூடம் இருந்துச்சு, கரண்டு இருந்துச்சு. சீனியம்மா மட்டும் போகல. ஏன் போகலன்னு யாரும் கேக்கல. "ஏம்மா, நீயும் வாயேன்"னு யாராவது ஒருத்தர் கூப்பிட்டிருந்தா, அவளும் மூட்டையக் கட்டியிருப்பாளோ என்னமோ.

வாரத்துக்கு ஒரு தரம் வள்ளம் வரும். வள்ளக்காரன் பேரு இருளப்பன். நல்ல தண்ணிக் குடத்தை எறக்குவான், அரிசிய எறக்குவான், பாசி மூட்டைய ஏத்துவான், போயிருவான். நல்ல மனுசன்தான், ஆனா வாயத் திறந்து பேச மாட்டான். அவன் போனா திரும்ப அலைச் சத்தம்தான். ஸ்ஸ்ஸ்... சளப். ஸ்ஸ்ஸ்... சளப்.

"பயமா இருக்காதா அத்தை?"

பயம் பழகிப் போச்சு கண்ணு. பேச்சுத்தான் மறந்துக்கிட்டே வந்துச்சு. சில நாளு தன் பேரத் தானே சொல்லிப் பாத்துக்குவா, குரல் இருக்கான்னு.

அப்போ அவகிட்ட ஒரு கத்தி இருந்துச்சு. மடக்க முடியாத சாதாக் கத்தி. இடுப்புல சொருகிக்கிட்டு முங்குவா. ஒரு நாளு பெரிய அலை வந்து, தொபுக்கடீர்னு அவளைப் பாறையில உருட்டி விட்டுச்சு. கத்தி சொருகின எடத்துலயே வயித்தக் கீறிருச்சு. புண்ணு ஆற ரொம்ப நாளாச்சு. அப்புறம் கத்தியே வேண்டாம்னு வெறுங்கையோட முங்கினா.

அப்போ என்னாச்சு? கடல்ல அத்துப் போன வலையெல்லாம் மெதந்து வந்து பாறையில சுத்திக்கிட்டுக் கெடக்கும். அதுல அவ காலு மாட்டிக்கிச்சு. இழுக்கிறா, இறுகுது. இழுக்கிறா, இன்னும் இறுகுது. எப்படியோ தோலெல்லாம் உரிஞ்சு காலு வெளிய வந்துச்சு. மணல்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு யோசிச்சா. 'உள்ளயே கெடந்திருந்தா, வள்ளம் வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே.'

ம்.

அப்புறம் வள்ளம் ஏறிக் கரைக்குப் போனா. அங்க மாசாணம் ஆசாரின்னு ஒருத்தரு, கொல்லுப் பட்டறை வச்சிருந்தாரு. பட்டறைக்குப் பின்னாடியே வீடு. பொண்டாட்டி, மக, மருமகன், பேரப்பிள்ளைங்கன்னு வீடு நெறைய ஆளு. டங் டங்னு இவரு அடிக்கிற சத்தத்தை விட அவங்க சத்தம் பெருசா இருக்கும்.

"ஆசாரியாரே, எனக்கு ஒரு மடக்குக் கத்தி வேணும்."

"அதுக்கென்ன தாயி, எப்படி வேணும்?"

"இடுப்புல இருக்கறப்போ அது தானாத் திறக்கக் கூடாது. தண்ணிக்குள்ள ஒத்தக் கையால நான் திறக்கணும். திறந்தப்புறம் என் விரல் மேல மூடிக்கக் கூடாது. வலைய அறுக்கணும், பாறை இடுக்குல விட்டு நெம்பணும். துருப் பிடிக்கக் கூடாது. கனமாவும் இருக்கக் கூடாது."

ஆசாரி சிரிச்சுட்டாரு. "இத்தனையும் ஒரே கத்தியிலயா?"

"எனக்கு இருக்கிறது ஒரு இடுப்புத்தானே."

சரின்னு அவரும் ஒரு கத்தி செஞ்சாரு. அலகு மெல்லிசு. தொட்டா வெட்டும். சீனியம்மா கொண்டு போனா. பாசி சரக் சரக்னு அத்து வந்துச்சு. அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பாறை இடுக்குல விட்டு லேசா நெம்பினா. டிக்! நுனி ஒடிஞ்சு போச்சு.

திரும்ப வந்தா. ஆசாரி, "மெல்லிசா இருந்தா நல்லா வெட்டும், ஆனா நெம்பத் தாங்காது தாயி"ன்னு சொல்லி, கனமா ரெண்டாவது கத்தி அடிச்சாரு. அலகு தடி, அது மடங்குற ஆணியும் தடி. தானாத் திறந்துக்காம இருக்க, ஆணிய நல்லா இறுக்கி விட்டாரு. பாறைய நெம்பினா, பாறைதான் பேந்துச்சு. ஆனா தண்ணிக்குள்ள திறந்து பாக்குறா, ரெண்டு கையும் வேணும். ஒரு கை பாறையப் பிடிச்சிருக்கே! பல்லால கடிச்சு இழுத்தா. கடக்! பல்லு ஆடிப் போச்சு.

"அய்யோ!"

அய்யோதான். மூணாவதா ஆசாரி ஆணியத் தளர்த்தி விட்டு ஒண்ணு செஞ்சாரு. பெருவிரலால தள்ளினா சல்லுனு திறந்துச்சு. பட்டறையில திறந்து காட்டினப்போ பேரப்பிள்ளைங்கெல்லாம் கை தட்டுச்சு. ஆனா தீவுல அவ ஒரு தரம் ஓடிப் போயித் தண்ணியில குதிச்சா. சல்லுனு அது இடுப்புலயே திறந்துக்கிச்சு. தொடையில ஒரு கீறு. இன்னொரு தரம் வலைய அறுக்கறப்போ மடங்கி விரல் மேலயே விழுந்துச்சு.

அவ அத எடுத்துட்டு வந்து பட்டறையில வச்சா. திட்டல. அழல. விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. ஆசாரி அந்தத் துணியப் பாத்தாரு. எப்பிடியோ முடிச்சுப் போட்டிருந்துச்சு.

"யாரு தாயி கட்டி விட்டது?"

"நான்தான். பல்லால இழுத்துக் கட்டினேன்."

அடுத்த வாரம் வள்ளத்துல ஆசாரியும் ஏறி உக்காந்துட்டாரு. வழியெல்லாம் ஓக் ஓக்குன்னு வாந்தி. தீவுல எறங்கி, மணல்ல உக்காந்து, "நீ முங்கு தாயி, நான் பாக்குறேன்"னாரு.

சீனியம்மா முங்கினா. குபுக்.

ஆசாரி பாத்துக்கிட்டே இருக்காரு. தண்ணி அசையல. பாத்துக்கிட்டே இருக்காரு. இன்னும் அசையல. எந்திரிச்சாரு. வேட்டியோட தண்ணியில எறங்கி, முழங்கால், அப்புறம் இடுப்பு வரைக்கும் வந்துட்டாரு. அப்போ, புளுக்! ரொம்பத் தள்ளி அவ தலை வந்துச்சு.

"ஏன் ஆசாரியாரே தண்ணிக்குள்ள நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி." கரையேறி வேட்டியப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டாரு, "தெனம் இப்படித்தானா?"

"தெனம் இப்படித்தான். கரையில நிக்க ஆளு இருக்காது, அவ்வளவுதான்."

கண்ணு, தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

சாயங்காலம் ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சாங்க. அப்போ ஆசாரி சொன்னாரு: "தாயி, என் வீட்டுல கத்தி எடுத்தா, ஒருத்தி தேங்காயப் பிடிப்பா, ஒருத்தன் கயித்தப் பிடிப்பான். அத வச்சேதான் நான் இத்தன நாளும் கத்தி செஞ்சிருக்கேன். பக்கத்துல ஆளு இருக்கும்னு. உனக்கு அப்படிச் செஞ்சா ஆகாது. ஆனா நீ கேட்ட எல்லாத்தையும் ஒண்ணுல வைக்க எனக்குத் தெரியாது. எந்தக் கொல்லனுக்கும் தெரியாது. எத விட்டுக் கொடுக்குற, சொல்லு."

அவ ரொம்ப நேரம் யோசிச்சா. அவகிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல. இருந்ததெல்லாம் அதுவாப் போயிருக்கு, இவ விட்டுக் கொடுத்ததா ஒண்ணும் கிடையாது.

"நெம்புறத விட்டுர்றேன். அதுக்கு ஒரு கம்பி வச்சுக்கிறேன்."

"அப்போ அலகு நடுவாந்திரமாப் போதும். நுனியும் வேண்டாம், மொக்கையா விட்டுர்றேன். அவசரத்துல உன்னையே குத்தாது. அப்புறம்?"

"கனமா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்போ கத்தி முதுகுல ஒரு பூட்டு வைக்கலாம். திறந்தா டக்குனு விழுந்துரும், நீயா அமுக்கினாத்தான் மடங்கும். இன்னொண்ணு. எவர்சில்வர்ல போட்டா துருப் பிடிக்காது, ஆனா சீக்கிரம் மழுங்கிரும். பழைய லாரி வில்லுப் பட்டை இரும்புல அடிச்சா வலை அறுக்கும், ஆனா உப்புத் தண்ணி தின்னுரும். தெனம் தொடச்சு எண்ணெய் போடணும்."

"போடுறேன். சாயங்காலம் எனக்கு வேற யாரப் பாக்கணும்?"

அப்புறம் ஆசாரி கரைக்குப் போயி நாலாவது கத்திய அடிச்சாரு. பாக்க அழகே இல்ல. ஈரக் கைப் பெருவிரல் நுழையற மாதிரி அலகுல ஒரு ஓட்டை. அதனால பிடி குண்டாப் போச்சு. மூடியிருக்கறப்போ கொஞ்சம் அடம் பிடிக்கும், ஒரு தள்ளு தள்ளினா அப்புறம் தாராளமாத் திறக்கும். அலகோட அடிப் பக்கம் கதிரரிவாளுக்கு இருக்கிற மாதிரி பல்லு, வலைக்குன்னு. மணலு சிக்காம இருக்க உள்ள இடைவெளி விட்டதால, நடந்தா கிலுக் கிலுக்னு ஆடும்.

"சத்தம் போடுமே தாயி."

"போடட்டும் ஆசாரியாரே."

அப்புறம் மழைக்கு முந்தி, கடல் கலங்கி இருந்த ஒரு காலையில, அவ முங்கினா. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பாசிய நினைச்சுக் கைய விட்டா, வலை! வலது காலு, அப்புறம் எடது காலு, ரெண்டும் மாட்டிக்கிச்சு. நீரோட்டம் இழுக்குது. எடது கையால பாறையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. அத விட்டா மொத்தமாச் சுத்திக்கும். வலது கை இடுப்புக்குப் போச்சு. பெருவிரல் ஓட்டையில நுழைஞ்சுது. ஒரு தள்ளு.

டக்!

கரகர... கரகர... ஒரு காலு வந்துருச்சு. நெஞ்சு வெடிக்குது. கரகர... கரகர... இன்னொரு காலும் வந்துருச்சு. அப்படியே மேல வந்தா. ஹாஆஆ!

ம்!

சுத்திப் பாத்தா. கடலு. மணலு. ஆளு இல்ல. "வந்துட்டேன்"னு சொன்னா. சத்தமாச் சொன்னா. ஒரு நண்டு குடுகுடுன்னு ஓடி வளைக்குள்ள போச்சு. அவ்வளவுதான். அவ மணல்ல உக்காந்து, மொதத் தடவையா, வாய் விட்டு அழுதா.

அந்த வாரம் பூரா அவ கடல்ல எறங்கல. கத்தியத் தொடைச்சா, எண்ணெய் போட்டா, தொடைச்சா, எண்ணெய் போட்டா. வள்ளம் வந்துச்சு. ஏத்தறதுக்கு மூட்டை இல்ல. இருளப்பன் பாத்தான்.

"எங்க மூட்டை?"

"இருளப்பா, நான் வலையில மாட்டிக்கிட்டேன்"னு ஆரம்பிச்சா. எல்லாத்தையும் சொன்னா. அவன் கேட்டுக்கிட்டே குடத்தக் கீழ வச்சுட்டு மணல்ல உக்காந்துட்டான்.

அப்புறம் அவ சொன்னா: "கத்தி நல்ல கத்தி. இதுக்கு மேல ஒரு கத்தி செய்ய முடியாது. ஆனா கரையில நின்னு பாக்க அதால முடியாதுல்ல. யாராவது ஒருத்தி வருவாளான்னு கேட்டுப் பாரு. பாசியில பாதி அவளுக்கு."

"இங்கயா? யாரு வருவா?"

"கேட்டுப் பாரு."

அடுத்த வாரம் வள்ளம் வந்துச்சு. இருளப்பன் மட்டும்தான். அதுக்கு அடுத்த வாரமும் இருளப்பன் மட்டும்தான். அப்புறம் மழை வந்துச்சு. சடசடன்னு பேஞ்சு, கொஞ்ச நாளு வள்ளமே வரல. தீவுல இருந்த அரிசிய எண்ணி எண்ணிச் சிக்கனமாச் செலவு பண்ணினா.

மழை விட்டுச்சு. வெயில் அடிச்சுது. அவ குடிசைக்குள்ள அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தா. உப்... உப்... அப்போ வெளிய கொக்கொக்குன்னு ஒரு கோழிச் சத்தம். தீவுல ஏது கோழி? ஓடி வந்து வாசல்ல நின்னா. ஒரு நடுத்தர வயசுப் பொம்பள, ஒரு கையில தகரப் பொட்டி, ஒரு கக்கத்துல கோழி, சேலையெல்லாம் நனைஞ்சு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறா.

சுத்தி முத்தியும் பாத்துட்டு, அந்தப் பொம்பள கேட்டா:

"ஏக்கா, இங்க சீனியம்மா வீடு எது?"

தீவுலயே இருக்கிறது ஒரு குடிசை!

சீனியம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. பொட்டிய வாங்கி உள்ள வச்சா. பாய எடுத்து உதறி விரிச்சா. நடுவுல உக்காராம, அவளுக்கு இடம் விட்டு ஓரமா உக்காந்தா.

"இதுதான்"னா.

கதை கரையேறிருச்சு கண்ணு. நீ தூக்கத்துல எறங்கு.