கொற்றவேலரின் நிஜ முகம்

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னர்களின் முகம் யாருக்கும் தெரியாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது உடனே திருத்தப்பட வேண்டிய பிழை. அந்த முகங்கள் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஃப்ளெக்ஸ் கடையில், சத்யகலாவின் கணினியில்தான் பிறக்கின்றன.

ஃபேஸ்புக்கில் வரலாறு எழுதும், மன்னர் கொற்றவேலர் பேரவையின் தலைவர் இடும்பராசன் ஒருநாள் தொண்டர்களோடு அங்கே வந்தார்.

“எங்க மன்னர் கொற்றவேலர் போர்க்களத்துல நிக்கணும். நிஜ முகம் வேணும் பாப்பா. போன தடவை சினிமா நடிகர் ஜாடை அடிச்சுது. இந்தத் தடவையும் அடிச்சா கடையில கண்ணாடி மிஞ்சாது.”

மாலையில் சத்யகலா படத்தைக் காட்டினாள். எதிரே பெரும்படை. யானைமேல் மன்னர். தெரிந்தது அவர் முதுகு மட்டும்.

“முகம் எங்கே?”

“எதிரியைப் பார்த்துட்டு இருக்கார், தலைவரே. நம்ம பக்கம் திருப்பிடவா? அவங்களுக்கு முதுகு காட்டின மாதிரி ஆயிடும், பரவாயில்லையா?”

“நம்ம மன்னரா முதுகு காட்டுவாரு?” என்று தொண்டர் ஒருவர் சீறினார்.

“திருப்ப வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்” என்றார் தலைவர் அவசரமாக.

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் பழங்காலக் குகை ஓவியமாகப் பரவியது. அது தங்கள் மன்னரின் முதுகு என்று பக்கத்து ஊர்ப் பேரவை புகார் கொடுத்தது. யாருடைய முதுகு என்று விசாரிக்க, சத்யகலாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள்.