கிளியின் பிடியும் காட்டெருமையின் வயிறும்

அல்லிக்குளத்துக் காட்டில் காத்தாயி என்றொரு காட்டெருமை இருந்தாள். தோள் ஒரு பாறை, கழுத்து ஒரு பாறை, நடுவில் திமில் இன்னொரு பாறை. அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் குளம் ஒரு சாண் இறங்கிவிடுகிறது என்று தவளைகள் புறம் பேசும். பிறந்ததிலிருந்து அவள் தின்றது புல், மூங்கில் குருத்து, இலை தழை, அவ்வளவுதான்.

அவளுக்குச் செவலை என்று மூன்று மாதக் கன்று. காத்தாயி பக்கத்தில் நிற்கும்வரை, சிறுத்தைகூடச் செவலையைக் கண்டால் மேகத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டு நகர்ந்துவிடும்.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இந்தக் காட்டுக்கு மரகதம் வந்து சேர்ந்தாள். மரகதம் ஒரு கிளி. பட்டணத்தில் ஒரு வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்தவள். அந்த வீட்டுக்காரர் இயற்கை உணவு வகுப்பு நடத்துகிறவர். கூண்டில் வேறு வேலை இல்லாததால், மொத்த வகுப்பையும் மரகதம் மனப்பாடம் செய்துவிட்டாள்.

குளக்கரையில் எல்லோரையும் கூட்டி வைத்துத் தொண்டையைச் செருமினாள்.

"இனிமே யாரும் சமைச்ச சாப்பாட்டைத் தொடக் கூடாது."

காட்டில் எவரும் அடுப்பைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இருந்தாலும் பலமாகத் தலையாட்டினார்கள். விட்டுவிட ஒன்றுமே இல்லாத விரதம் யாருக்குத்தான் கசக்கும்?

"கறி, முட்டை, எதுவும் கூடாது."

"நாங்க அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு" என்றது முயல், மார்பை நிமிர்த்தி.

"சரி. அப்போ புரதத்துக்கு என்ன பண்றீங்க?"

முயல் மெல்லக் கேட்டது. "அது என்ன? கடிக்குமா?"

"பலமே அதுதான். அது கிடைக்கலேன்னா கை கால் சோரும், தலை சுத்தும், சதையெல்லாம் கரைஞ்சு போயிடும். வகுப்புக்கு வர்ற ஒவ்வொருத்தரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

அவ்வளவுதான், காடு கலகலத்துப் போனது. ஒரு குரங்கு கைகளில் பலமே இல்லையென்று முடிவுசெய்து கிளையை விட்டுவிட்டது. யானை தலை சுற்றுகிறதென்று ஒரு மரத்தில் சாய்ந்தது. மரம் முறிந்து விழுந்தது. "பார்த்தீங்களா, நிக்கக்கூட முடியல" என்று யானை விம்மி விம்மி அழுதது.

பசியெடுத்ததும் எல்லோரும் அதை மறந்து மேயப் போய்விட்டார்கள். காத்தாயி மட்டும் மறக்கவில்லை. 'இத்தனை நாளும் எதை வைத்துக்கொண்டு நின்றோம்?' என்று நினைத்தாள். நினைத்ததுமே பின்னங்கால் ஒன்று லேசாக ஆடியது. அதுவரை தனக்கு நாலு கால் இருப்பதைக்கூட அவள் யோசித்துப் பார்த்ததில்லை. தன்னைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. ஆனால் தான் சோர்ந்து விழுந்தால் செவலையை யார் காப்பாற்றுவது?

மறுநாள் காலையில் நரி சாமிக்கண்ணு வந்தான். சிறுத்தை தின்று மிச்சம் வைப்பதில் வயிறு வளர்ப்பவன். செவலையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் வாயில் எச்சில் ஊறும். காத்தாயியைப் பார்த்ததும் அது தானாக வற்றிவிடும்.

"என்னக்கா, ஒரே ராத்திரியில பாதியா இளைச்சிட்டீங்க?"

"அப்படியா தெரியுது?" காத்தாயி திரும்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டாள்.

"எலும்பை எண்ணிடலாம்போல இருக்கு. ஏய் மரகதம், உன் வகுப்புல இதுக்கு வழி சொல்லியிருப்பாங்கள்ல?"

மேல்கிளையில் உட்கார்ந்து இதைக் கேட்கத்தான் காத்திருந்தாள் மரகதம். "ஒரு பிடி முளைப்பயறு, பத்து வேர்க்கடலை, கொஞ்சம் எள்ளு. தினமும்."

"அந்தப் பட்டியல்ல புல்லு இருக்கா?" என்றான் சாமிக்கண்ணு, ஒன்றும் அறியாதவன்போல.

மரகதம் கழுத்தைச் சாய்த்து யோசித்தாள். "இல்ல."

"அப்போ புல்லு ஆகாது. மூங்கிலும் ஆகாது. வெறும் சக்கை. கன்னுக்குட்டிக்காரி, பார்த்து நடந்துக்கங்க அக்கா." சொல்லிவிட்டு, துளிக்கூடச் சிரிக்காமல் போனான். புதருக்குப் பின்னால் போய்த்தான் புரண்டு புரண்டு சிரித்தான். அங்கிருந்து நேரே சிறுத்தையிடம் ஓடினான்.

"ஏழாம் நாள் மத்தியானம் குளக்கரைக்கு வந்துடுங்க சாமி. அம்மாக்காரி மல்லாந்து கிடப்பா. கன்னு உங்களுக்கு, மிச்சம் எனக்கு."

மரகதம் நல்லவள்தான். காட்டோரத்துக் களத்திலிருந்து, மழையில் நனைந்து முளைவிட்ட பயறு கொண்டுவந்தாள். பட்டியலில் ஒரு பிடி என்றுதானே இருந்தது? தன் கால் நகங்களுக்குள் எவ்வளவு அடங்குமோ அதுதான் ஒரு பிடி. எண்ணினால் ஏழு பயறு தேறும். காத்தாயி அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மெல்லத் தொடங்குவதற்குள் அது காணாமல் போனது.

இரண்டாம் நாள் அவளுக்கு நிஜமாகவே தலை சுற்றியது. "பாருங்க, கிளி சொன்னது எவ்வளவு சரி!" என்றான் சாமிக்கண்ணு. மூன்றாம் நாள் காட்டுப் புல்லெல்லாம் அவளைப் பார்த்துப் பளபளத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்றுக்காக எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலாம் நாள் செவலை மடியை முட்டினாள். இன்னொரு முறை முட்டினாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, பால் வரல."

எந்தக் கன்றைக் காப்பாற்ற இந்தப் பாடு படுகிறாளோ, அந்தக் கன்றே பட்டினியாக நிற்கிறது. போன வாரம்வரை மடி நிறையப் பால் இருந்ததே, அது எதிலிருந்து வந்தது? ஏழு பயறிலிருந்தா?

"மரகதம், இங்க வா" என்று கூப்பிட்டாள். "அந்தப் பட்டியல் சொன்ன மனுஷன் என்ன உசரம் இருப்பாரு?"

"உங்க தோள் உசரம் வருவாரு. ஆனா ஒல்லி."

"அவருக்கு வயிறு எத்தனை அறை?"

மரகதத்துக்கு இந்தக் கேள்வி புதுசு. "ஒண்ணுதான்னு நினைக்கிறேன். அது நிறைஞ்சதும் ஏப்பம் விட்டுடுவாரு."

"எனக்கு நாலு அறை. புல்லை ஒண்ணுல போட்டு ஊறவெச்சு, மறுபடி வாய்க்கு வரவழைச்சு மென்னு, அடுத்ததுக்கு இறக்கி, அப்படியே நாலையும் கடக்கணும். புல்லு பலமா மாறுறது அங்கதான். ஒத்தை அறைக்காரருக்குப் பயறு சரி, கடலையும் சரி. எனக்கு அதுல ஓர் அறையிலகூட விளக்கேத்த முடியாதே. இதை ஏன் நீ முதல்லயே சொல்லல?"

"அந்த வகுப்புக்குக் காட்டெருமை யாரும் வரலியே அக்கா" என்றாள் மரகதம் பரிதாபமாக.

காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்தவள்தான், குளத்தின் கீழ்க்கரையை மேய்ந்து முடித்துத்தான் நிமிர்ந்தாள். பிறகு மேல்கரை. பிறகு மூங்கில் புதர். "ஏப்பம் வருதா?" என்று மரகதம் கூடவே பறந்து பறந்து கேட்டாள். "இப்பத்தான் ரெண்டாவது அறை" என்று பதில் வந்தது. மறுநாள் மடியில் பால் கசிந்தது. அதற்கடுத்த நாள் செவலை வயிறு முட்டக் குடித்துவிட்டுக் குளத்தைச் சுற்றித் துள்ளி ஓடினாள். வாலைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் தவளைகளெல்லாம் தண்ணீருக்குள் குதித்தன.

ஏழாம் நாள் மத்தியானம் காத்தாயி நிழலில் படுத்து அசைபோட்டாள். கண் பாதி மூடியிருந்தது. கீழ்த்தாடை இடமும் வலமும் போய்வந்தது. மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பக்கமே வராத சாமிக்கண்ணு புதரிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, எப்படி இருக்கு?"

வாய் நிறைய அசையை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? "ம்ம்ம்" என்றாள்.

நரி குலத்தில் அசைபோட்டவர் யாரும் கிடையாது. சாமிக்கண்ணு துள்ளிக் குதித்துக்கொண்டு சிறுத்தையிடம் ஓடினான். "படுத்துட்டா சாமி! கண்ணு செருகிடுச்சு, பேச்சு நின்னுடுச்சு, வாய் மட்டும் கோணிக்கோணி இழுக்குது. சீக்கிரம் வாங்க!"

சிறுத்தை வந்தது. மேகத்தை வேடிக்கை பார்க்கவில்லை. நேரே செவலையைப் பார்த்துப் பதுங்கிப் பாய்ந்தது.

"அம்மா!"

காத்தாயி எழுந்த வேகத்தில் நிழலே நகர்ந்ததுபோல் இருந்தது. கால் ஆடுகிறதா, தலை சுற்றுகிறதா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. குனிந்தாள், கொம்பில் வாரினாள், வீசினாள். சிறுத்தை குளத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்து நடுக்குளத்தில் போய் விழுந்தது. அல்லிக்கொடியைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீரும் ஒரு தவளையுமாகத் துப்பியபடி கரையேறியது. காத்தாயியை ஒருமுறை பார்த்தது. பிறகு சாமிக்கண்ணு பக்கம் திரும்பியது.

"மல்லாந்து கிடப்பாளா?"

"சாமி, அது வந்து, அவளுக்குப் புரதம்..."

சாமிக்கண்ணு பின்னங்கால் பிடரியில் பட ஓடினான். சிறுத்தையும் அல்லிக்கொடியோடு பின்னாலேயே ஓடியது. இருவரும் எந்த மலையைத் தாண்டினார்களோ, அல்லிக்குளத்தில் அப்புறம் யாரும் அவர்களைக் காணவில்லை.

செவலை நடுக்கம் தீராமல் வந்து மடியில் முட்டினாள். காத்தாயி அவளை நக்கி நக்கி நனைத்தாள். பயம் போய்ப் பசி வந்ததும் கன்று நிறுத்தாமல் குடித்தது. குடிக்கட்டும் என்று நின்றபடியே காத்தாயி பக்கத்திலிருந்த புல்லை ஒரு வாய் பிடுங்கினாள்.

யார் வயிற்றுக்குச் சொன்ன சாப்பாடு என்று கேட்காமல் அதை நம் வயிற்றுக்கு விதித்துக்கொண்டால், பட்டினி நமக்கும் நம் பிள்ளைக்கும், விருந்து நரிக்கும்தான்.