கரடியின் ஈறும் கழுதைப்புலியின் தேனும்

ஒரு காட்டில் விளாந்தோப்பு ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பெண் கரடி காவல். ஆண்டுதோறும் முதல் விளாம்பழத்தை எல்லோர் முன்னாலும் ஒரே கடியில் உடைப்பவருக்கே காவல் என்பது அந்தக் காட்டு வழக்கம். கரடி இருந்தவரை முயலுக்கும் அணிலுக்கும்கூடப் பங்கு கிடைத்தது.

எலும்பையே நொறுக்கும் கழுதைப்புலிக்கு அந்தத் தோப்பின்மேல் ஒரு கண்.

இதற்கிடையில் கரடிக்கு உடம்பு பெருத்தது. ஈறும் வீங்கியது. வேப்பங்குச்சியால் தேய்த்தால் ரத்தம் வந்தது. போதாததற்கு ஒரு பல் ஆடியது! 'அடுத்த பருவத்தில் பழம் உடையாவிட்டால்?' காவல் போய்விடுமே என்று அது ஆடும் பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

கழுதைப்புலி தேனடையோடு வந்து நின்றது.

"ஈறு நோகும்போது எதையாவது கடிப்பார்களா, அக்கா? தேனை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள். ஹீ... ஹீ!"

கரடி விழுங்கியது. படுத்தது. ஈறு இன்னும் வீங்கியது.

தோழி கீரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்குப் புத்தி இருக்கிறதா? உடம்பில் கொழுப்பு மிஞ்சினால் உள்ளே அழற்சி கிளம்பும். அது ஈற்றையும் விடாது. வெறும் குச்சி என்ன செய்யும்?"

"என்னைக் குண்டு என்கிறாயா?" என்று கரடி உறுமியது.

"ஆமாம், குண்டுதான். அது என்ன குற்றமா? உன்னைப் பார்த்துச் சிரிப்பவன் வாயை நான் அடைக்கிறேன். ஆனால், நோய் என்று தெரிந்தே தேன் ஊட்டுகிறானே, அவனை நண்பன் என்கிறாயே, அதற்கு என்ன பதில்?"

கரடிக்கு அப்போதுதான் கழுதைப்புலியின் தந்திரம் புரிந்தது. ஒரு யோசனையும் தோன்றியது.

மறுநாள் கழுதைப்புலி தேனோடு வந்ததும், "தம்பி, கொண்டுவந்தவன் பசியோடு போகலாமா? முதல் வாய் உனக்கு!" என்றது கரடி.

முதல் வாய் இரண்டானது. பிறகு முழு அடையும் அதன் வயிற்றுக்குள் போனது. நாள்தோறும் இதே கதை. எலும்பு தேடி அலைவதைக் கழுதைப்புலி மறந்தேபோனது.

அது உண்டு உறங்கும் வேளையில் கரடி மலையேறிப் புற்று தோண்டிக் கறையான் தின்றது. விடாமல் பல் துலக்கியது. மாதங்கள் போகப்போக உடம்பு இளைத்தது. ஈறு இறுகி, ஆடிய பல்லும் நிலைத்தது. ரத்தம் நின்றது.

பருவம் வந்தது. காடே கூடியது.

"முதலில் நான்!" என்று கழுதைப்புலி தொப்பை குலுங்க முன்னே வந்து பழத்தைக் கவ்வியது.

"ஐயோ, என் ஈறு!"

பழத்தின்மேல் ரத்தம்தான் ஒட்டியிருந்தது. கீறல்கூட விழவில்லை.

கரடி அடுத்த பழத்தை எடுத்தது. 'கடக்!' ஓடு இரண்டாகப் பிளந்தது. பழ வாசனை காடெங்கும் பரவியது. முயல்கள் துள்ளின. அணில்கள் கிளைக்குக் கிளை ஓடிக் கூச்சலிட்டன.

கூட்டத்தில் யாரோ, "தொப்பையைப் பாருங்கள்!" என்று கழுதைப்புலியைக் கேலி செய்தார்கள்.

"யாரங்கே சிரிப்பது?" என்று கரடி அதட்டியது. பிறகு கழுதைப்புலியிடம் ஒரு வேப்பங்குச்சியை நீட்டியது.

"நாளைக் காலையில் என்னோடு மலையேற வா, தம்பி. வெறுங்கையோடு வா!"

நீதி: உடம்பு அளவுக்கு மீறிப் பெருத்தால் ஈறும் நோகும், பல்லைக் காக்க நினைப்பவர் வயிற்றையும் சேர்த்துக் காக்க வேண்டும்.